விவிலியத்தில் நெருடுகிற இடங்கள்: பாம்பன் கரையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் கூடி ஜெபிப்பது, வியாழக்கிழமை இரவு யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில் நடக்கும். வருஷம் முழுக்கப் பெண்கள்தான் வருவார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த 61 நாளும் ஆண்களும் வந்து உட்காருவார்கள். அப்போது கூட்டம் ஜெபத்தில் தொடங்கி வாக்குவாதத்தில் முடியும். நான் குருவானவர் இல்லை. இருபது வருஷம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுத்தவன், கையில் கிடைத்ததை எல்லாம் படிக்கிறவன், அவ்வளவுதான். திரும்பத் திரும்ப வருகிற கேள்விகளை ஒரு நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்கள் இவை.

இப்படியெல்லாம் கேள்வி கேட்பதே விசுவாசக் குறைவு இல்லையா?

விவிலியத்துக்குள்ளேயே கேட்டிருக்கிறார்கள். அபக்கூக்கு நூல், "எவ்வளவு காலம்தான் நான் கூப்பிட்டுக்கொண்டே இருப்பது?" என்ற முறையீட்டில்தான் தொடங்குகிறது. யோபு அதிகாரம் அதிகாரமாகக் கடவுளோடு வழக்காடுகிறார். கடவுளுக்காகப் பரிந்து பேசின நண்பர்கள்தான் கடைசியில் திட்டு வாங்குகிறார்கள். "என் ஊழியன் யோபு பேசியதைப்போல நீங்கள் சரியாகப் பேசவில்லை" என்று கடவுளே சொல்கிறார் (யோபு 42:7).

ஆனால் லூக்கா முதல் அதிகாரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. வானதூதர் செக்கரியாவிடம் பிள்ளை பிறக்கும் என்கிறார். "இதை நான் எப்படித் தெரிந்துகொள்வது?" என்று கேட்டதற்கு அவர் ஊமையாகிறார். அதே தூதர் மரியாவிடம் வருகிறார். அவரும் "இது எப்படி?" என்றுதான் கேட்கிறார், அவருக்கு மட்டும் பொறுமையாக விளக்கம் கிடைக்கிறது. செக்கரியா கேட்டது அத்தாட்சி, மரியா கேட்டது வழி என்று விளக்கவுரைகள் பிரித்துக் காட்டும். எனக்கு அது பாதிதான் திருப்தி. எங்கள் கூட்டத்தில் ஒரு பாட்டி சொன்ன விளக்கம் வேறு: "ஆம்பளை கேட்டா வாயை அடைக்கணும், பொம்பளை கேட்டா பதில் சொல்லணும்னு சம்மனசுக்கே தெரிஞ்சிருக்கு."

எங்கள் வீட்டு விவிலியத்திலும் பக்கத்து வீட்டு வேதாகமத்திலும் பெயர்களே ஒத்துப்போகவில்லையே?

பெயர்தான் வேறு. நாம் தொடக்க நூல் என்பதை அவர்கள் ஆதியாகமம் என்கிறார்கள். திருப்பாடல்கள் அங்கே சங்கீதம். நீதித்தலைவர்கள் அங்கே நியாயாதிபதிகள். தமிழில் புதிய ஏற்பாடு முதலில் அச்சேறியது தரங்கம்பாடியில், சீகன்பால்கு பாதிரியார் காலத்தில், 1714–15இல். இன்று நம் கோயில்களில் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பு 1995இல் வந்தது. இடையில் இருநூற்று எண்பது வருஷத் தமிழ் கிடக்கிறது. நம்மிடம் 73 நூல்கள், சீர்திருத்த சபைகளிடம் 66. தோபித்து, மக்கபேயர் போன்றவை அங்கே இல்லை. இந்தப் பட்டியல் விவகாரம் பழையது. கத்தோலிக்கத் திருச்சபை தன் பட்டியலை 1546இல் திரெந்து சங்கத்தில் உறுதி செய்தது. நெருடுகிற வசனம் வந்தால் இரண்டு மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பாதிக் கேள்வி அங்கேயே தீர்ந்துவிடும். புதிதாக நாலு முளைக்கும்.

உலகைப் படைத்த கதை இரண்டு தடவை வருகிறது. வரிசையும் மாறுகிறது. எது சரி?

நன்றாகக் கவனித்திருக்கிறீர்கள். முதல் அதிகாரத்தில் செடிகொடி, பிறகு மீனும் பறவையும், பிறகு விலங்கு, கடைசியில் ஆணும் பெண்ணும் சேர்ந்து. இரண்டாம் அதிகாரத்தில் முதலில் ஆண், அப்புறம் மரங்கள், அப்புறம் விலங்குகள், கடைசியில் பெண். கடவுளின் பெயர்கூட மாறுகிறது: முதலாவதில் 'கடவுள்' என்று மட்டும், இரண்டாவதில் 'ஆண்டவராகிய கடவுள்' என்று. இரண்டு பழைய மரபுகளைத் தொகுத்தவர்கள் அடுத்தடுத்து வைத்தார்கள் என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து.

நான் இதை எங்கள் மாவட்டத்தை வைத்துத்தான் புரிந்துகொள்கிறேன். முதல் கதை எப்படித் தொடங்குகிறது? எங்கும் தண்ணீர், இருட்டு, ஆழம். தண்ணீரை ஒதுக்கி ஒதுக்கித்தான் தரை வருகிறது. இரண்டாவது கதை? மழையே பெய்யவில்லை, நிலத்தில் ஒரு செடி இல்லை, உழ ஆள் இல்லை. கடவுள் மண்ணைப் பிசைகிறார். முதலாவது பாம்பன்காரர் சொன்னது மாதிரி இருக்கிறது, இரண்டாவது முதுகுளத்தூர்க்காரர் சொன்னது மாதிரி. கடல் வீட்டுக்குள் வந்துவிடுமோ என்று பயப்படுகிறவனுக்குப் படைப்பு என்றால் தண்ணீருக்கு ஓர் எல்லை. கண்மாய் காய்ந்து கிடக்கிறவனுக்குப் படைப்பு என்றால் ஈர மண். தொகுத்தவர்களுக்கு வரிசை மாறுவது தெரியாமலா இருந்திருக்கும்? அடுத்தடுத்த பக்கத்தில் வைத்திருக்கிறார்களே. தெரிந்துதான் இரண்டையும் விட்டுவைத்தார்கள்.

காயின் யாரைக் கல்யாணம் செய்தான்? மெத்துசேலா உண்மையிலேயே 969 வருஷம் வாழ்ந்தாரா?

மறைக்கல்வி வகுப்பில் முதல் வரிசைப் பையன் கேட்கிற கேள்வி. ஆதாமுக்கு வேறு மகன்களும் மகள்களும் இருந்தார்கள் என்று தொடக்க நூல் 5:4 சொல்வதால், தங்கையைக் கட்டியிருப்பான் என்பது பழைய பதில். ஆனால் காயின் "என்னைக் காண்கிறவர்கள் எல்லாம் கொல்வார்கள்" என்று பயப்படுகிறான், ஒரு நகரமே கட்டுகிறான். யாருக்குப் பயம், யாருக்கு நகரம்? கதை ஏற்கெனவே ஆள் நிறைந்த உலகத்தில்தான் நடக்கிறது. உலகத்தின் முதல் குடும்ப அட்டையைக் காட்டுவது அதன் நோக்கமாகத் தெரியவில்லை. அண்ணன் தம்பியைக் கொன்றதைச் சொல்வதுதான் நோக்கம்.

வயதுக் கணக்குக்கு வேறு ஊரில் ஒப்பு இருக்கிறது. சுமேரிய மன்னர் பட்டியலில் வெள்ளத்துக்கு முந்தைய முதல் அரசன் மட்டும் 28,800 ஆண்டு ஆள்கிறான். நம் ஊரிலும் உண்டு. முதற்சங்கம் 4,440 ஆண்டு நடந்தது என்று இறையனார் களவியல் உரை சொல்கிறது. அதைப் படித்துவிட்டு யாரும் பாண்டியன் பிறப்புச் சான்றிதழைத் தேடுவதில்லை. தொன்மையைப் பெரிய எண்ணால் சொல்வது அந்தக் காலத்து வழக்கம்.

யோனாவை விழுங்கியது திமிங்கலமா?

எபிரேயத்தில் 'பெரிய மீன்' என்று மட்டுமே இருக்கிறது. தமிழிலும் அப்படியே. திமிங்கலம் என்பது படம் வரைந்தவர்கள் சேர்த்தது. மன்னார் வளைகுடாவில் கரை ஒதுங்கிய திமிங்கலத்தைப் பார்த்தவர்கள் இங்கே உண்டு. அது மீன் இல்லை, பாலூட்டி என்று பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். சரி, ஒரு மனிதன் மூன்று நாள் உள்ளே உயிரோடு இருக்க முடியுமா என்று கேட்டால், முடியாது. அதனால்தான் அது அற்புதம் என்பார் ஒருவர். அதனால்தான் அது உவமைக் கதை என்பார் இன்னொருவர். நான் இரண்டாவது கட்சி. காரணம் மீன் இல்லை, கடவுள் யோனாவைப் போகச் சொன்ன நினிவே. அந்த நூலில் நினிவே நகரம் மூன்று நாள் நடை தூரம். தோண்டி எடுத்த நினிவேயின் சுற்றுமதிலே மொத்தம் 12 கிலோமீட்டர் அளவுதான், காலையில் கிளம்பினால் மதியத்துக்குள் சுற்றிவிடலாம். அந்த ஊரில் ஆடுமாடுகளும் சாக்குத்துணி கட்டி நோன்பு இருக்கின்றன. எழுதியவர் கண் சிமிட்டுகிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் எங்கள் ஆட்கள் மீனைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவர்கள் மாட்டிக்கொண்டது 1:13இல். புயலில் மாலுமிகள் தண்டு வலித்துக் கரைக்குப் போகப் பார்க்கிறார்கள். "எந்தக் கூறுகெட்டவன் புயல்ல கரைக்கு விடுவான்? கரையிலதான படகு உடையும்? நங்கூரம் போட்டுட்டு வெளியிலயே கிடப்பான்" என்றார் நாற்பது வருஷம் கடலுக்குப் போன ஒருவர். திண்ணையில் எல்லாரும் ஆமோதித்தார்கள். எனக்கு அதுவரை உறைக்கவில்லை. யோனா தன்னைக் கடலில் தூக்கிப் போடச் சொல்லிவிட்டார், போட்டால் காற்று அடங்கும் என்றும் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகும் முன்பின் தெரியாத ஓர் ஆளைச் சாகடிக்க மனசு வராமல், வேற்றுச் சாமி கும்பிடுகிற அந்த மாலுமிகள் படகே போனாலும் போகட்டும் என்று கரைக்கு வலிக்கிறார்கள். இறைவாக்கினரோ ஒரு நகரமே அழியவில்லையே என்று பின்னால் கோபித்துக்கொண்டு உட்காரப் போகிறவர். அந்த ஒரு வசனத்தில் கதையின் பாதி இருக்கிறது. அதைத் திறந்து காட்டியவர் ஒன்பதாம் வகுப்பு தாண்டாதவர்.

கடவுளே ஊரோடு அழிக்கச் சொன்னாரா?

யோசுவா 6, 1 சாமுவேல் 15. ஆண், பெண், கைக்குழந்தை, ஆடு, மாடு ஒன்றையும் விடாதே என்கிற வசனங்கள். இதற்கு வழவழப்பான பதில் யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

வரலாற்றுப் பக்கம் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. ஒன்று, யோசுவா நூலே தன்னோடு ஒத்துப்போகவில்லை. 10ஆம் அதிகாரத்தில் எபிரோனில் ஒருவர் மிஞ்சவில்லை என்கிறது. 15ஆம் அதிகாரத்தில் காலேபு அதே எபிரோனிலிருந்து ஆட்களைத் துரத்துகிறார். நீதித்தலைவர்கள் முதல் அதிகாரம், துரத்தப்படாமல் கூடவே குடியிருந்தவர்களின் நீளமான பட்டியல். இரண்டாவது, அந்த வட்டாரத்து அரசர்கள் எல்லாருமே அப்படித்தான் எழுதினார்கள். மோவாபு அரசன் மேசா கி.மு. 9ஆம் நூற்றாண்டில் வெட்டிய கல்வெட்டு 1868இல் கிடைத்தது. இஸ்ரயேல் என்றென்றைக்கும் அழிந்தே போனது என்று அவன் அதில் பெருமையடிக்கிறான். இஸ்ரயேல் அழியவில்லை. ஆக, 'ஒருவரையும் விடவில்லை' என்பது போர்க்களத்து வீறாப்பு மொழி.

இந்த விளக்கத்தை ஒரு தடவை கூட்டத்தில் சொல்லி முடித்தேன். மண்டபம் அகதி முகாமிலிருந்து வரும் ஓர் அக்கா, இலங்கையிலிருந்து படகில் வந்தவர், அதுவரை பேசாமல் இருந்தார். "எழுதினது வெண்டவைதானே" என்றார், வென்றவர்களைச் சொல்லி. நான், இல்லை அக்கா, இந்த நூல்கள் கடைசி வடிவம் பெற்றது எருசலேம் வீழ்ந்து, பாபிலோனுக்குக் கைதிகளாகப் போனவர்கள் காலத்தில் என்று பல அறிஞர்கள் சொல்கிறார்கள், நாடு இழந்தவர்கள்தான் எழுதியிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப இது தோத்தவையின்ர கனவு" என்றார்.

அதற்குமேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. வீறாப்பு மொழி என்று விளக்கினாலும், கடவுள் சொன்னதாக எழுதியிருக்கிறதே என்ற கேள்வி அப்படியேதான் நிற்கிறது. பகைவரை நேசியுங்கள் என்றவரின் பக்கம் நின்று அந்த அதிகாரங்களைப் படிக்கிறேன். அவற்றைக் கிழித்துப் போடவும் எனக்கு மனமில்லை. நம் ஆட்களுக்குள்ளும் அந்தக் கனவு இருக்கிறது என்று தெரிய அவை வேண்டும்.

ஆபிரகாம், யாக்கோபு, தாவீது எல்லாருக்கும் பல மனைவிகள். நமக்கு மட்டும் ஏன் ஒன்று?

இந்தக் கேள்விக்காக இந்த மாவட்டத்தில் ஒரு தலையே போயிருக்கிறது. ஓரியூர் போயிருப்பீர்கள். செம்மண் எடுத்து நெற்றியில் பூசியிருப்பீர்கள். புனித அருளானந்தர் (ஜான் டி பிரிட்டோ) அங்கே வெட்டப்பட்டது 1693 பிப்ரவரி 4. காரணம் தெரியுமா? மறவர் சீமைப் பிரமுகரான தடியத்தேவர் ஞானஸ்நானம் பெற்றபோது ஒரு மனைவியை வைத்துக்கொண்டு மற்றவர்களை விலக்கிவிட்டார். விலக்கப்பட்டவர்களில் ஒருவர் அந்தச் சீமையின் அரசரான சேதுபதிக்கு உறவுக்காரப் பெண். அவர் அரண்மனையில் முறையிட்டார். அப்புறம் நடந்தது ஊரறிந்தது.

விவிலியத்துக்கு வருவோம். பழைய ஏற்பாடு பலதார மணத்தை எங்கும் நேரடியாகக் கண்டிக்கவில்லை, ஆனால் சும்மா படம் பிடித்துக் காட்டுகிறது. சாராவும் ஆகாரும், லேயாவும் ராகேலும், அன்னாவும் பெனின்னாவும், தாவீதின் பிள்ளைகள் ஒருவரையொருவர் கொன்றது. இரண்டு மனைவி உள்ள ஒரு வீட்டிலாவது நிம்மதி இருந்ததாக எழுதியிருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். இயேசு மணமுறிவைப் பற்றிப் பேசும்போது தொடக்கத்துக்கே போய், இருவரும் ஒரே உடல் என்ற வசனத்தைப் பிடிக்கிறார்.

அது வரைக்கும் சரி. எனக்கு உறுத்துவது இன்னொன்று. ஓரியூர்த் திருவிழாப் பிரசங்கங்களில் அரண்மனைக்குப் போன அந்தப் பெண் எப்போதும் வில்லி. கல்யாணம் செய்து வாழ்ந்துகொண்டிருந்தவரை ஒரு நாள் 'நீ இனி மனைவி இல்லை' என்று சொன்னால் அவர் எங்கே போவார்? ஆகாரும் பிள்ளையோடு பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டவர்தான். ஆனால் விவிலியம் அவர் பின்னாலேயே போய், தோற்பையில் தண்ணீர் தீர்ந்ததையும், பிள்ளையைப் புதரடியில் போட்டுவிட்டு அழுததையும், கடவுள் பிள்ளையின் அழுகுரலைக் கேட்டதையும் எழுதிவைத்திருக்கிறது. நம் பிரசங்கத்துக்கு அவ்வளவு பொறுமை இல்லை.

கலிலேயாக் கடல் கடலே இல்லையாமே?

ஆமாம், நல்ல தண்ணீர் ஏரி. நீளம் 21 கிலோமீட்டர், அகலம் 13. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் தூரம்கூட இல்லை. கடல் மட்டத்துக்கு 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிண்ணம் மாதிரிக் கிடக்கிறது. மலை இடுக்கு வழியாகக் காற்று இறங்கினால் நினைத்த நேரத்தில் கொந்தளிக்கும். எபிரேயத்தில் கடலுக்கும் பெரிய ஏரிக்கும் ஒரே சொல். அந்தப் பழக்கத்தில் மாற்கு 'கடல்' என்கிறார். வெளியூரெல்லாம் சுற்றிய லூக்கா மட்டும் 'ஏரி' என்று திருத்துகிறார். ஏரி வெட்டி, பக்கத்து ஊருக்குச் சமுத்திரம் என்று பெயர் வைத்த நாம் இதில் சிரிக்க ஒன்றுமில்லை. இராஜசிங்கமங்கலம் கண்மாயை 'நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை' என்கிறோமே, அந்த மாதிரிதான்.

1986இல் வறட்சியில் அந்த ஏரி வற்றியபோது சேற்றிலிருந்து இயேசு காலத்துப் படகு ஒன்று கிடைத்தது. 27 அடி நீளம், ஏழரை அடி அகலம். நம் நாட்டுப்படகு அளவு. இதைச் சொன்னதும் கூட்டத்தில் அடுத்த அரைமணி நேரம் அதில் எத்தனை பேர் ஏறலாம், படகின் பின்பக்கமான பின்னணியத்தில் இயேசு தலை வைத்துத் தூங்க இடம் இருந்திருக்குமா என்றுதான் பேச்சு.

ஊசிக் காதில் ஒட்டகம் எப்படி நுழையும்?

செல்வர் இறையாட்சிக்குள் போவதைவிட அது எளிது என்றார் இயேசு. நுழையாது. அதுதான் விஷயம். எருசலேமில் 'ஊசிக்காது' என்று ஒரு சின்ன வாசல் இருந்தது, ஒட்டகம் சுமையை இறக்கிவிட்டு முட்டிபோட்டு நுழையும் என்று தியானக் கூட்டங்களில் சொல்வார்கள். அப்படி ஒரு வாசல் இருந்ததற்குச் சான்று இல்லை; மிகப் பின்னால் கட்டிய கதை. பணக்காரர்களுக்கு வசதியான கதை என்பதையும் கவனியுங்கள்.

எங்கள் கரைக்கு ஏற்ற விளக்கம் ஒன்று உண்டு. கிரேக்கத்தில் ஒட்டகம் 'கமேலோஸ்'. கப்பல் வடம் 'கமிலோஸ்'. ஓர் எழுத்து வித்தியாசம். பிற்காலக் கையெழுத்துப்படிகள் சிலவற்றில் வடம் என்றே இருக்கிறது. 5ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா சிரிலும் அப்படித்தான் பொருள் சொன்னார். நங்கூரக் கயிற்றைக் கையில் பிடித்து, வலை பின்னுகிற ஊசியின் துளையைப் பார்த்தால் படம் அழகாகத்தான் இருக்கிறது. எங்கள் ஆட்களுக்கு இது ரொம்பப் பிடித்துப்போய், இனி வடம் என்றே வாசிக்கலாம் என்றார்கள். ஆனால் பழைய படிகள் எல்லாம் ஒட்டகம் என்கின்றன. யூதர்களின் தால்முத்தில் ஊசிக் காதில் யானை நுழைவதாக ஒரு சொலவடை இருக்கிறது. ஆகவே ஒட்டகமே இருக்கட்டும். சீடர்கள் ஆடிப்போய் "அப்போது யார்தான் மீட்புப் பெற முடியும்?" என்று கேட்டார்களே, குனிந்தால் நுழையலாம் என்ற வாசலுக்கா அந்த அதிர்ச்சி?

அத்திமரம் என்ன பாவம் செய்தது?

பழம் இல்லாத அத்திமரத்தை இயேசு சபிக்கிறார். அது அத்திப்பழக் காலம் இல்லை என்று மாற்கே எழுதுகிறார். ஐப்பசியில் நுங்கு கேட்டுப் பனைமரத்தைத் திட்டினால் எப்படி? மாற்கு இந்தக் கதையை இரண்டாக வெட்டி, நடுவில் கோயிலில் வியாபாரிகளை விரட்டிய சம்பவத்தைச் செருகியிருக்கிறார். முதலில் சாபம், நடுவில் கோயில், மறுநாள் பட்ட மரம். இலை தழைத்திருக்கிறது, பழம் இல்லை என்பது கோயிலைப் பற்றிய பேச்சு. இறைவாக்கினர்கள் இப்படிச் செய்து காட்டுவது உண்டு. எரேமியா பானையை உடைத்தார். இருந்தாலும் மரத்தின்மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் இரக்கம் இருக்கிறது.

யூதாசு தூக்குப் போட்டானா, விழுந்து வயிறு வெடித்தானா?

மத்தேயு தூக்கு என்கிறார், திருத்தூதர் பணிகள் விழுந்தான் என்கிறது. காட்டிக்கொடுத்த காசில் நிலத்தை வாங்கியதும் ஒன்றில் குருக்கள், மற்றதில் யூதாசே. கயிறு அறுந்து விழுந்தான் என்று ஒட்டுப்போடலாம். நிலத்துக்கு இன்னோர் ஒட்டு வேண்டும். ஊரில் ஒரு துர்மரணம் நடந்தால் மறுநாளே இரண்டு விதமாகப் பேசுவார்கள். இங்கே இரண்டும் எழுத்தில் ஏறிவிட்டன. எனக்கு இதில் பெரிய சிக்கல் தெரியவில்லை.

153 மீன் என்று எண்ணிச் சொல்வானேன்?

யோவான் 21. இராத்திரி முழுக்க மீன்பாடு இல்லை. விடியலில் கரையில் நிற்பவர் (அவர் இயேசு என்று அப்போது சீடர்களுக்குத் தெரியாது) வலையை வலப்பக்கம் போடச் சொல்கிறார். 153 பெரிய மீன். இந்த எண்ணைக் குடைந்தவர்கள் ஏராளம். ஒன்றிலிருந்து பதினேழு வரை கூட்டினால் 153 வரும் என்றார் புனித அகுஸ்தீன். உலகில் மீன் வகையே 153 என்று அந்தக் காலத்து அறிஞர்கள் கணக்கிட்டதாக எழுதினார் புனித எரோணிமுஸ்.

எங்கள் திண்ணையில் இந்தக் கேள்வியே எழவில்லை. பிடித்ததை எண்ணாமல் எப்படிப் பங்கு பிரிப்பது? ஏழு பேர் போயிருக்கிறார்கள். படகுக்குப் பங்கு, வலைக்குப் பங்கு, ஆளுக்குப் பங்கு. பெரிய மீன் என்றால் ஒவ்வொன்றாகத்தான் எண்ணுவார்கள், அதுவும் இரண்டு பேர் எண்ணுவார்கள். அவர்கள் கேட்டது, கரையில் நிற்பவருக்கு மீன் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரிந்தது என்று. அவர்களே பதிலும் சொன்னார்கள். கரைவலை இழுக்கும்போது மேட்டில் ஒருவர் நின்று தண்ணீரின் நிறத்தைப் பார்ப்பார். மீன் கூட்டமாக வந்தால் அந்த இடம் கருத்து, சிலுசிலுக்கும். படகில் இருப்பவனுக்கு அது தெரியாது. அதனால்தான் சீடர்கள் யாரென்று தெரியாத ஆள் சொன்னதை எதிர்க்கேள்வி கேட்காமல் செய்தார்கள் என்கிறார்கள். எந்த விளக்கவுரையையும்விட எனக்கு இது பிடித்திருக்கிறது.

அது இயேசுதான் என்று தெரிந்ததும் பேதுரு தண்ணீரில் குதிக்கிறார். குதிக்கும்முன் ஆடையைக் கட்டிக்கொண்டது ஏன் என்பார்கள் வெளியூர்க்காரர்கள். நீந்தப் போகிறவன் கழற்றத்தானே வேண்டும்? வலை இழுக்கும்போது கோவணத்தோடு நிற்கிறவன், மரியாதைக்குரிய ஆள் முன்னால் அப்படியே போய் நிற்பானா? ஈரமானாலும் பரவாயில்லை என்று கட்டிக்கொண்டு குதித்தார்.

புதிய உலகில் கடல் இருக்காதா?

திருவெளிப்பாடு 21:1. புதிய வானம், புதிய பூமி. அதோடு 'கடலும் இல்லாமற்போயிற்று'. அடக்கத் திருப்பலிகளில் அடிக்கடி வாசிக்கிற பகுதி. உள்நாட்டில் வாசித்தால் யாரும் நிமிர்ந்து பார்க்க மாட்டார்கள். இங்கே வாசித்தால் பாதிக் கோயில் நிமிரும்.

இஸ்ரயேலர் கடலோர மக்கள் இல்லை. கரையில் பெரும்பகுதி பெலிஸ்தியர் கையிலும் பெனிசியர் கையிலும் இருந்தது. அவர்களுக்குக் கடல் என்றால் அடங்காத ஒன்று, கடவுள் எல்லை கட்டி வைத்த பகை. தானியேலில் நான்கு விலங்குகளும் கடலிலிருந்து வருகின்றன. திருவெளிப்பாட்டில் கொடிய விலங்கும் அங்கிருந்துதான் எழுகிறது. எழுதிய யோவான் பத்மு தீவில் அடைபட்டுக் கிடந்தவர். அவருக்கும் அவருடைய சபைகளுக்கும் நடுவில் கிடந்தது கடல்தான். ஆகவே 'கடல் இல்லை' என்றால் பயம் இல்லை, பிரிவு இல்லை என்று பொருள் கொள்ளலாம். ஆனால் விவிலியத்தில் வேறு கடலும் இருக்கிறது. திருப்பாடல் 104இல் கடவுள் லிவியத்தான் என்ற பெரிய கடல் விலங்கை உண்டாக்கியது கடலில் விளையாடத்தான்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் 22 இரவு வந்த அலையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். இடிந்த கோயில் சுவரின் முன் சுற்றுலா வருகிறவர்கள் படம் எடுப்பார்கள். கடல் இல்லாமல் போகட்டும் என்று அந்த அலையைப் பார்த்த வயதானவர்கள் யாராவது சொல்லி நான் கேட்டதில்லை.

என் அத்தை ஒருவர் இருந்தார். மாமா கடலுக்குப் போனவர் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாள் அன்று எல்லாரும் கல்லறையில் மெழுகுதிரி ஏற்றும்போது அத்தைக்கு ஏற்ற ஓர் இடம் கிடையாது. கரைக்குப் போவார். காற்றில் நிற்காது என்பதால் ஒரு பழைய பால்பவுடர் டப்பாவுக்குள் மெழுகுதிரியை வைத்து, மணலில் பாதி புதைத்துவிட்டு, பக்கத்தில் முந்தானையை விரித்து மறைத்தபடி உட்கார்ந்திருப்பார். ஒரு வருஷம் நானும் கூட உட்கார்ந்திருந்தேன். அன்று காலைத் திருப்பலியில் அந்த வாசகம்.

"கடலே இல்லாமப் போனா உங்க மாமாவ நான் எங்கடா போய்ப் பாக்குறது?" என்றார்.

பத்மு தீவையும் பெலிஸ்தியரையும் சொல்ல வாய் வரவில்லை. பையிலிருந்த விவிலியத்தை எடுத்து, ஒரு பக்கம் முன்னால் திருப்பி, 20:13ஐ வாசித்தேன். கடல் தன்னிடம் இருந்த இறந்தோரை ஒப்படைத்தது என்று இருக்கிறது அங்கே. அத்தை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"அப்ப முதல்ல குடுத்துருது, அதுக்கப்புறந்தான் இல்லாமப் போகுது?"

"ஆமா அத்தை, இதுக்கு அடுத்த அதிகாரம்தான் அது."

"அப்பச் சரி" என்று சொல்லிவிட்டு, அணையப் போன திரியை நகத்தால் தூண்டிவிட்டார்.